சித்தியின் பச்சைக் கல்

கல்லைக் காட்டி மாப்பிள்ளை வீட்டாரை விரட்டியவள் என்ற கெட்ட பெயர், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு வந்துவிட்டது.

விளாங்குடியில் எங்களோடு தங்கியிருந்த சித்தி, பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் கட்டிலுக்கு அடியில் துணிமணியைவிடக் கற்களே அதிகம். ஒருமுறை தன் கல்லூரிக்கு என்னை அழைத்துப்போய், கண்ணாடிச் சாடிக்குள் இருந்த யுரேனியக் கல்லைக் காட்டினாள். மஞ்சளாக, செதில் செதிலாக இருந்தது. புற ஊதா விளக்கைப் பிடித்ததும் இளம்பச்சையாகச் சுடர்விட்டது. ஆசையாகக் கை நீட்டினேன். பட்டென்று ஒன்று வைத்தாள்.

"தொடக் கூடாதுடி. இந்தப் பச்சை வெளிச்சம் ஒண்ணும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாம ஒரு கதிர் வருது பாரு, அதுதான் பொல்லாதது."

அந்த வருடமே கொட்டாம்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சுவைத்தபடியே, கல்யாணத்துக்குப் பிறகு சுத்தியலும் கையுமாக மலை மலையாகச் சுற்றுவதெல்லாம் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள், சித்தியைத் தவிர. அவள் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்தாள். சிம்மக்கல்லில் இருந்த எங்கள் கடைக்காக அப்பா வாங்கி வைத்திருந்த, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கையும் கொடுத்தாள்.

"போயி அவங்களுக்குக் காட்டு. காலேஜ்ல நான் சொன்னதை அப்படியே சொல்லு."

ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். கல் தணலாகச் சிவந்தது. சித்தி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆத்தி! இம்புட்டு நாளும் இதைத் தொட்டுக்கிட்டா இருந்தா? பிள்ளகுட்டி எப்படித் தங்கும்? எந்திரிடா, போவோம்."

அவர்கள் கார் கிளம்பியதும் அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். எனக்கோ வலியைவிடக் கையைப் பற்றித்தான் பயம். அழுகிப்போய்விடுமோ என்று தேம்பினேன். சித்தி சிரித்துக்கொண்டே, கழுவாத அந்தக் கையில் மிச்சக் கேசரியை வைத்து, அதிலிருந்தே எடுத்துத் தின்றாள். சித்தி இன்றும் சுத்தியலோடு மலை மலையாகத்தான் சுற்றுகிறாள்.

சாடிக்குள் பச்சையாகச் சுடர்விட்ட கல் அன்றைக்கு ஏன் சிவந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது வேறு கல், சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கிற, ஒரு கெடுதலும் செய்யாத கல் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேரையும் ஏமாற்றத் துணிந்தவள், என் உள்ளங்கைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று மட்டும் பயந்திருக்கிறாள்.