அக்காவின் வெள்ளைப் போன்

வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்து அக்கா சிரித்த அன்றுதான் அவளில் எனக்குச் சந்தேகம் வந்தது.

புதுக்குடியிருப்புக் கடையில் திருத்தக் கொடுத்து வாங்கியதிலிருந்து அவளுடைய போனில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும். “பழுதாப் போனதை ஏன் தூக்கிக்கொண்டு திரியிறாய்?” என்று அம்மா கேட்டால், “பாட்டுக் கேக்கலாம் அம்மா” என்பாள். பாட்டுக் கேட்கிறவளுக்குக் கறுப்புக் கண்ணாடி எதற்கு? அதுவும் வீட்டுக்குள்ளே! அது பிரான்சிலிருந்து மாமா அனுப்பிய கண்ணாடி. போட்டால் தண்ணீரில் வெயில் கூசாது, கீழே ஓடுகிற மீன் தெரியும் என்று அப்பா களப்புக்குக் கொண்டுபோவார். தொழில் முடிந்து வந்து அவர் மத்தியானம் படுத்ததும் கண்ணாடி அக்காவின் மூக்கில் ஏறிவிடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வேவு பார்ப்பதில் என்னை விட்டால் ஆளில்லை. அவள் குளிக்கப் போன நேரம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தேன். மாதாவே! வெள்ளைக்குள் எழுத்து. தலையைச் சரிக்கச் சரிக்க மங்கியது, பாதி சரித்தபோது முழுதாக அழிந்தது. நிமிர்ந்தேன், திரும்பவும் வந்தது.

“ஞாயிறு வாற மாப்பிள்ளைக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. நான் வந்து அப்பாவோடை கதைக்கிறன்.”

திருத்துகிறவன் திரையின் மேல்தாளை உரித்துவிட்டான், அந்தத் தாளின் வேலையைக் கண்ணாடி பார்த்தது, திருப்புகிற கோணத்துக்கு ஏற்ப ஒளி கூடிக் குறைந்தது என்பதெல்லாம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தபோதுதான் விளங்கியது. அன்று விளங்கியது ஒன்றே ஒன்று: அக்கா கள்ளி.

ஓடிப்போய் அப்பாவை எழுப்பி இரண்டையும் கையில் கொடுத்தேன். அக்கா ஈரத்தலையோடு வந்து வாசலில் நின்றாள். பயத்தில் அவள் உள்ளே வரவில்லை. எனக்கோ ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. அப்பா கண்ணாடியை மாட்டி, போனை நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை மெல்லச் சரித்தார்.

“வெறும் வெள்ளைதானே. எழுத்து எங்கை கிடக்கு?”

“தலையை நிமித்திப் பாருங்கோ அப்பா!”

நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. “அக்காவிலை பொய் சொல்லுறியோ? போய்ப் படி.”

ஞாயிறு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. பிள்ளைக்கு விருப்பமில்லை என்று அப்பாவே சொல்லியனுப்பினாராம். அம்மா குசினியில் சட்டிகளோடு சண்டை பிடித்தாள். நான் அக்காவை மடக்கினேன்.

“விருப்பமில்லையெண்டு நீதானே அப்பாட்டைச் சொன்னனீ?”

“மாதாவாணை இல்லையடி” என்று அழுதாள்.

அவளை நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை, போன் திருத்தினவனை, என் இரண்டு கண்களைக்கூடச் சந்தேகப்பட்டேன். அப்பா என்னிடம் பொய் சொல்லியிருப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.