நூல் கோர்க்காத ஊசி

ஷார்ஜாவில் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் வயதான அண்ணாச்சி ஒருவருடையது. கண் மங்கியது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால், நான்தான் ரகசியமாக அவருக்கு நூல் கோர்த்துக் கொடுப்பேன்.

"லேய், அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒரு தையக்காரரு ஜனாதிபதியாவே ஆனாரு, தெரியுமா?" என்றார் ஒருநாள்.

"பின்ன நீங்க ஏன் அண்ணாச்சி இங்க கெடக்கீய?"

"அவருக்குக் கண்ணு தெரிஞ்சுதுல்லா மக்கா."

மறுநாள் விளையாட்டுக்கு, நூல் கோர்க்காமலே "ஆச்சு" என்றேன். வெறும் ஊசியிலேயே ஒரு சட்டைக்கை முழுவதும் தைத்தார். தூக்கியதும் துணி பிரிந்து விழுந்தது. எதிரே சூப்பர்வைசர்.

"நூலு நழுவிட்டு சார், இன்னொருக்க தைக்கேன்" என்று கெஞ்சினார்.

"இப்பவே நூல் கோத்துக் காட்டு."

நாலு தடவை முயன்றார். நூல் ஊசிக் காதுக்கு வெளியேதான் போனது.

"கல்லாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல்."

என் குறும்புதான் என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.