பதில் எழுதாமல் விட்ட கேள்வி

ராயபுரத்தில் நான் துணையாசிரியனாக இருந்த வாரப் பத்திரிகையில், பெண்கள் கேள்வி பதில் பகுதியை ஓர் அம்மாள் எழுதினார். வாசகியர் யாரும் கேள்வி அனுப்பாததால் கேள்வியும் அவருடையதே. துறைமுகக் குமாஸ்தாவான கணவர் அதற்கு மட்டும் அனுமதித்திருந்தார், கவிதைக்கு இல்லை. வீட்டில் தாள் அகப்பட்டால் வம்பு என்பதால், கவிதையை மனப்பாடமாகக் கொண்டுவந்து என் மேஜையருகே நின்றபடி சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். புனைபெயரில் வெளிவரும்.

ஒரு வாரம் கடைசிக் கேள்வி பதிலில்லாமல் வந்தது: "நான் கவிதை எழுதுவது கணவருக்குப் பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?"

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கோ ஹாஸ்ய எழுத்தாளன் என்ற பிரமை. "தாராளமாக விடலாம். ரசத்தில் உப்பாவது சரியாக விழும்" என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். அச்சுக் கோக்கிறவர்கூடச் சிரித்தார்.

மறுவாரம் வந்தவர் கேட்டார்: "பதிலு நீங்க எழுதுனதா சார்?"

பெருமையாகத் தலையாட்டினேன். "நீங்களே எழுதியிருக்கலாமேம்மா?"

"நான் சொன்னா அவரு கேக்கமாட்டாரு. பத்திரிகை ஆபீஸ்ல சொன்னா கேப்பாருன்னுதான் உங்களுக்கு வுட்டு வெச்சேன்." குரலில் கோபமே இல்லை. "கேட்டுக்கினாரு சார். அந்தப் பதில வெட்டி செவுத்துல ஒட்டிக்கீறாரு."

கவிதையை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன். "வரேன் சார்" என்று படியிறங்கிவிட்டார்.

பிறகு பல ஆண்டுகள் கேள்வி பதில் மட்டும் தந்தார். அன்றைக்கு ஒரு கவிதையோடு வந்திருந்தாரா என்று கேட்க எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை.