உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

காலை ஜெபத்துக்கு உட்காரும்போது என் பக்கத்தில் பைபிளும் இருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் இருக்கும். சிவப்பு பிளாஸ்டிக் சட்டம், ஒரு மூலையில் ரசம் போன பழைய கண்ணாடி. அதில் நான் முகம் பார்ப்பதில்லை. தரையில் வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பேன். வெடிப்போ கொப்புளமோ இல்லையென்றால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். "இது என்னம்மா புது ஜெபம்?" என்று என் மகள் கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண்ணாடி என் சித்தியுடையது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவள். சித்தப்பா இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. தறி, சபை, ஓயாத வாய், இவ்வளவுதான் அவள் சொத்து. நாற்பது வயதில் சர்க்கரை வந்தபோதும் முணுமுணுக்காமல் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் ஒரு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, "ஆண்டவரு என் சக்கரையை எடுத்துப் போட்டுட்டாரு" என்று சாட்சி சொன்னாள். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லாரும் அல்லேலூயா சொன்னோம்.

சாட்சி என்பது ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வது. சொன்னால் சொன்னதுதான். கோர்ட்டில்கூடப் பேச்சை மாற்றலாம், சபையில் மாற்றினவர்களை நான் பார்த்ததில்லை. முள்ளிப்பட்டு, கண்ணமங்கலம் என்று வீட்டுக் கூட்டங்களுக்கெல்லாம் சித்தியை அழைத்துப் போனார்கள். போன இடமெல்லாம் அதே சாட்சி. சொல்லச் சொல்ல அவளுக்கு மருந்துக் கடைப் படி ஏறும் வழி அடைபட்டுப் போயிற்று. "மாத்திரையும் கையுமா என்னைப் பார்த்தாங்கன்னா ஆண்டவரு இல்ல பொய்யராயிடுவாரு?" என்றாள் என்னிடம். தன் மானத்துக்காக என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் காப்பாற்றப் பார்த்தது ஆண்டவருடைய மானத்தை.

சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அம்மா கேட்டால், "உபவாசம் இருந்துகினு இருக்கேன், இளைக்காம என்ன பண்ணுவாங்க?" என்று சிரித்து மழுப்பினாள்.

ஒரு ஞாயிறு நான் அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபத்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டோம். முழங்கால் போடுகிறவரின் உள்ளங்கால் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும், போட்டவருக்குத் தெரியாது. சித்தியின் வலது உள்ளங்காலில் கறுத்த குழி ஒன்று, அதன் நடுவில் ஒரு மரச் சிராய். தறியின் மிதிகட்டையிலிருந்து ஏறியது. சுற்றிலும் வீங்கிப் பளபளத்தது. அவளோ கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரையில் கால் மரத்துப்போய், வலி தெரியவே இல்லை அவளுக்கு.

அம்மா கெஞ்சினாள், திட்டினாள். சித்தி அசையவில்லை. காய்ச்சல் ஏறிப் பாயோடு படுத்த பிறகும் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுக்க விடவில்லை. கடைசியில் எங்கள் பாஸ்டரை வரவழைத்தோம். காலைப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நானும் பிரஷருக்குப் போட்டுகினுதான் இருக்கேன், சிஸ்டர். ஆண்டவரு இத வச்சுந்தான் என்னை நடத்துறாரு. கிளம்புங்க."

சித்தி அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஒரு நாளாவது பிரசங்கத்துல சொல்லியிருக்கக் கூடாதாங்க, பாஸ்டர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, "போலாம், வண்டி கூப்புடுங்க" என்றாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தறிக்குழியில் அவள் மறுபடி இறங்கவே இல்லை.

உடம்பு ஆண்டவருடைய ஆலயம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிறிஸ்துமஸ் வந்தால் ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறோம், ஒழுகினால் ஓடு மாற்றுகிறோம். விசுவாசம் குறைந்துபோனதால் ஓடு மாற்றினோம் என்று யாரும் சொல்வதில்லை. உடம்புக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு பேச்சு? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சபைக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சித்தி கையைத் தூக்கினாள். "ஆண்டவரு என்னை அன்னிக்கும் கைவிடல, இன்னிக்கும் கைவிடல. சக்கரை போவல. அவரு குடுத்த காலை நான்தான் பார்க்காம வுட்டுட்டேன். இப்ப ஊசி போட்டுக்கறேன், ஜெபம் பண்ணிட்டுதான் போட்டுக்கறேன். இதான் என் சாட்சி." ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை. விசுவாசத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். வீட்டுக் கூட்டங்களுக்கு அவளை அழைப்பதும் நின்றுபோனது.

நர்ஸ் சொன்னபடி சித்தி வாங்கிய கண்ணாடிதான் இது. "இருக்கிற ஒண்ணையாவது பார்த்துக்கறேன்" என்று தினமும் காலையில் இடது உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் பைபிளைத் திறப்பாள். சில வருடங்கள் கழித்து அவள் இறந்தபோது அந்தக் கால் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

போன ஞாயிறு எங்கள் சபையில், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். ஆண்டவர் என் சர்க்கரையை எடுத்துவிட்டார், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னாள். அல்லேலூயா முழங்கியது. ஜெபத்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. முன்வரிசையில் மருதாணி இட்ட அவள் உள்ளங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பஜாரில் இன்னொரு கண்ணாடி வாங்கினேன். சித்தியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். சபை என்னைப் பற்றி என்ன பேசும் என்று தெரியும். பேசட்டும்.