யாரைக் கேட்டுப் பறிப்பது

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெரு முனையில் இருந்த பூங்காவைப் பூங்கா என்று சொன்னது அதன் வாசலில் தொங்கிய பலகை மட்டும்தான். உள்ளே சீமைக்கருவேல முள், அறுந்த ஊஞ்சல், காலிப் பாட்டில்கள். அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தோட்டமாக்க இறங்கினோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் ஆபீஸ் ரயிலில் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கையைக் கழுவிட்டு வா என்றாள்.

அம்மா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். அச்சரப்பாக்கம் பக்கத்தில் பாதி ஆயுசு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஆனால் வந்தாள். யூடியூப் பார்த்து நான் கட்டிய பாத்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல தண்ணி பாயாது. மாடு வேணா வந்து படுத்துக்கும்" என்று சொல்லி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று முதல் தோட்டம் அவள் சொன்னபடி நடந்தது.

முதல் வெண்டைப் பூ விரிந்த காலையில் தெரு வாட்ஸ்அப் குழு அமளிப்பட்டது. ஒரே பூவை நான் மட்டும் ஏழு கோணத்தில் எடுத்துப் போட்டேன். கத்தரியும் காய்த்தது. அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத கூத்து. முள் வெட்டப் போட்டி போட்டு வந்தவர்களில் ஒருவர்கூடக் காயில் கை வைக்கவில்லை. நீங்க பறிங்க, நீங்க பறிங்க என்று ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். பொதுச் சொத்தில் முதல் ஆளாகக் கை வைத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். வெண்டைக்காய் அதற்கெல்லாம் காத்திருக்குமா? முற்றி நார் பாய்ந்தது.

எனக்கு ஊரார்மேல் எரிச்சல் வந்தாலும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மண்ணிலிருந்து அம்மா தன் கையால் பறித்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தினமும் கேட்டேன். தினமும் வெறுங்கையோடு வந்தாள். ஒருநாள் கத்திவிட்டேன்.

"நீ போட்ட செடிதானேம்மா? பறிச்சா இன்னா?"

"யாராச்சும் குடுத்தா வாங்கிக்கலாம்டி. களத்து மேட்டுல கூப்ட்டுக் குடுத்தாதான் வாங்குவோம். நாமளா கை வெச்சா அதுக்குப் பேரு வேற."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது அவள்மேல் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

அந்த ஞாயிறு, கோவளத்திலிருந்து பஸ் மாறி மீன் கொண்டுவரும் அக்கா தண்ணீர் குடிக்கத் தோட்டத்துக் குழாயடிக்கு வந்தாள். அம்மாவும் நானும் களை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாக்கா, இம்மாங் காயையும் முத்த வுட்டுகினு கீறீங்க?"

"பொது எடம்மா. யாரக் கேட்டுப் பறிக்கிறது?"

மீன்கார அக்கா சிரித்தாள். "நாங்க யாரக் கேட்டுகினு கடல்ல வலை போடறோம்? பாடுபட்டவன் எடுத்துகினு வரான். சங்கரா கீது, எடுத்துக்க. எனக்கு வூட்டுக்கு ரெண்டு கை வெண்டக்கா குடு."

செடிக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா வைத்திருந்த பாத்திரத்தில் மீனைப் போட்டுவிட்டாள். மீனை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க முடியாது. அம்மா என்னைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், குனிந்தாள். முற்றாத காயாகத் தேடி நுனியை ஒடித்துப் பார்த்துப் பறித்து மீன்கார அக்காவின் கூடையில் போட்டாள். பிறகு நிமிராமல் அடுத்த செடிக்குப் போனாள். அதற்கடுத்த செடிக்கும். இந்த முறை காய்கள் அவள் மடிக்குள் போயின. எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. நகர்ந்தால் நிறுத்திவிடுவாளோ என்று மூச்சுகூட விடாமல் நின்றேன். அரை மணி நேரத்தில் தெருவே பையோடு வந்து சேர்ந்தது.

மதியம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அச்சரப்பாக்கத்தில் இருக்கும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னா கொழம்பு என்று கேட்டிருப்பாள் போல.

"மீனும் வெண்டக்காயும். மீனு வாங்கினது" என்றாள் அம்மா. "வெண்டக்கா எங்க தோட்டத்துது."