நாம் என்பதற்கு ஜெர்மன் சொல்

நேற்றுச் சாயங்காலம் என் வகுப்பில் ஒரு பெண் ‘ஊர்’ என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நாமக்கல்லில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு ஆன்லைனில் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். பின்தெருவில் லாரி பாடி கட்டும் பட்டறை. சுத்தியல் சத்தம் கிளம்பினால் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று ஜெர்மன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையில் புல்வெட்டும் எந்திரத்தைக்கூட ஓட்டமாட்டார்கள் என்று ஒரு பாடம் வரும். அதை நான் நடத்தும் நேரம் பார்த்துத்தான் பட்டறையில் தகரத்தை அறைவார்கள். என் ராசி அப்படி.

நேற்றுப் பேசியவள் சுகன்யா, திருச்செங்கோட்டுப் பக்கம். ‘நாங்கள் ஜெர்மன் படிக்கிறோம்’ என்று சொல்ல வேண்டும். வீர் லெர்னன் டாய்ச். ‘வீர்’ என்றால் நாம், இல்லாவிட்டால் நாங்கள். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவள் ‘ஊர் லெர்னன் டாய்ச்’ என்றாள். வீட்டை ஊடு என்கிற வாய்க்கு வீர் ஊராகத்தானே வரும்? போதாத காலம், ஜெர்மனிலும் ‘ஊர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கடிகாரம், மணி என்று பொருள். ஆக, ‘மணி ஜெர்மன் படிக்கிறோம்’ என்றாள். இந்தத் தப்பை உலகத்திலேயே ஒருத்திதான் செய்திருக்கிறாள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒருத்தி நான்தான்.

ஓமலூரைத் தாண்டி ஒரு கல்லூரி. அதில் பி.ஏ. ஜெர்மன் என்று ஒரு பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். சேர்ந்தது ஒன்பது பேர், விரும்பிச் சேர்ந்தது யாருமில்லை. நான் கேட்டது காமர்ஸ். ‘இதுல மட்டுந்தானுங்க சீட்டு இருக்குது’ என்றார் ஆபீஸில் இருந்தவர். அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. ‘ஏனுங்க, இந்த முட்டை பிரிக்கற மிசின் வருதே, அந்த ஜெர்மனிங்களா?’ என்று கேட்டார். ஆமாம் என்றதும் பரம திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் படிப்பைத் தீர்மானித்தது ஒரு முட்டை மிசின் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே ‘ஊர் லெர்னன் டாய்ச்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ‘எத்தனை மணி?’ என்றார். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு மணி என்றே பெயர். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஆத்தூர்ப் பூங்கொடி. சிரித்து முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அவள்தான். என் துணியில் எத்தனை சோப்புப் போட்டாலும் பண்ணை வாசனை போகாது. அதனால் என் பெஞ்சில் இடம் எப்போதும் காலி. மோந்து பார்த்துவிட்டு, ‘உங்கூட உக்காந்தா ஆம்லெட் ஞாபகம் வருதுடி’ என்றாள்.

நான் அவளை ஒரு மாதம் ‘நீங்க’ என்றேதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கே ‘ங்க’ போடுவோம், என்ன செய்வது? ‘பாதி சோத்த என் டப்பாலேர்ந்து தின்னுட்டு இன்னும் என்னடி நீங்க?’ என்று ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

எங்கள் பாடப்புத்தகம் ஜெராக்ஸ் பிரதி. புது ஜெராக்ஸ் காகிதத்தின் அந்தச் சூடான மை வாசனை எங்காவது அடித்தால் இன்றைக்கும் எனக்கு ஜெர்மனிதான் நினைவுக்கு வருகிறது. நிறங்கள் பற்றி ஒரு பாடம். ஆனாவின் கோட்டு என்ன நிறம்? கிரவ், சாம்பல். மரம்? சாம்பல். ஆப்பிள்? சாம்பல்தான். ‘பாவம்டி, அந்த நாட்டுல பெயிண்டுக் கடையே இல்ல போல. நாம போயி ஆரம்பிக்கலாம்’ என்றாள் பூங்கொடி. அவள் பேச்சில் ‘நாம’ சர்வசாதாரணமாக வரும். நாம போலாம், நாம திங்கலாம், நாம கட்டடிக்கலாம். எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் நான் ஒரே பிள்ளை.

இரண்டாம் வருடத்துக்குள் மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக வேறு பாடத்துக்குத் தாவிவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். பட்டம் வாங்கியதும் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி படிப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. சேர்ந்தே போவது, ஒரே ஊராகப் பார்த்துக் கேட்பது என்று முடிவு செய்தோம். அதற்குச் சென்னையில் ஒரு தேர்வு எழுத வேண்டும். எழுத்தில் எனக்குப் பயமில்லை. என் எதிரி ‘வீர்’தான்.

ஜேடர்பாளையத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தடுப்பணைப் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டே பூங்கொடி எனக்கு ‘வ’ சொல்லிக்கொடுத்தாள். ‘மேப்பல்லு கீழ் ஒதட்டத் தொடணும். தொட்டியா? இப்ப ஊது.’ ஊதினேன். உதட்டில் வெடிப்பு, அதில் மிளகாய்த்தூள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ‘வலிக்குதுங்க’ என்றேன். ‘மறுபடியும் ங்க வா!’ என்று மீன்முள்ளால் கையில் குத்தினாள். அந்த எரிச்சலோடு ஐந்தாறு முறை வீர் சரியாக வந்தது. பஸ் ஏறியதும் பழையபடி ஊர்.

தேர்வில் இருவர் இருவராகப் பேச வேண்டும். அதிர்ஷ்டம், என் ஜோடி பூங்கொடியேதான். ‘உங்கள் நண்பர் ஊரைவிட்டுப் போகிறார். அவருக்கு இருவரும் சேர்ந்து ஒரு விருந்துக்குத் திட்டமிடுங்கள்’ என்பது தலைப்பு. அந்தப் பரீட்சைக்காரர்கள் முன்னால் நான் ஊர் என்று சொல்லி, அவர்களும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டால்? அதனால் மகா புத்திசாலியாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வீர் வேண்டிய இடத்திலெல்லாம் ‘இஷ்’ போட்டேன். நான். நான் கேக் வாங்குகிறேன். நான் அறையை அலங்கரிக்கிறேன். நான் எல்லாரையும் அழைக்கிறேன். பூங்கொடி ‘வீர், வீர்’ என்று என்னை எத்தனையோ முறை இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். ‘கேக்கும் நீயே வாங்கற, நாற்காலியும் நீயே போடற, பாட்டும் நீயே பாடற. நான் என்னத்துக்குடி அங்க உக்காந்திருந்தேன்?’ என்று சிரித்தாள். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தப்பாவே சொல்லியிருக்கலாம்ல. எனக்குப் புரிஞ்சிருக்குமே.’

அவள் தேறிவிட்டாள். நான் பேச்சில் மட்டும் தவறிவிட்டேன். தப்பான உச்சரிப்புக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் போயிருக்கும், அவ்வளவுதானாம். நான் தோற்றது, கூட இருந்தவளைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாகத் திட்டம் போட்டதற்கு.

சேலம் பஸ் ஸ்டாண்டில் பூங்கொடி சென்னை வண்டி ஏறினாள். அங்கிருந்து விமானம். ‘வரேன்டி’ என்றாள். ‘நானும் வாரேன்’ என்றேன். மனசார அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான். புத்தகத்தில் உரையாடல் எல்லாம் அ, ஆ என்று இரண்டு பேருக்கு. மிஸ் வராத நாளில் இரண்டையும் நானே பேசுவேன். ‘இன்று மாலை நீ வருகிறாயா?’ என்று பெஞ்சின் இந்த முனையில் கேட்டுவிட்டு, அந்த முனைக்கு நகர்ந்து ‘கட்டாயம் வருகிறேன்’ என்பேன். பெருக்க வந்த அக்கா ஒருநாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ‘சாமி, ஊட்டுக்குப் போயி கொஞ்சம் படுத்துத் தூங்குங்க’ என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வருடம் உதட்டைக் கடித்துக் கடித்து வீர் பழகினேன். மறுபடி தேர்வு. இந்தத் தடவை என் ஜோடி யாரோ ஒரு சென்னைப் பையன். அவன் முகம்கூட இப்போது நினைவில்லை. அவனிடம் பொழுதுக்கும் வீர், வீர் என்றேன். வீர் போகலாம், வீர் பூ வாங்கலாம். ஒன்றுகூடப் பிசகவில்லை. நல்ல மதிப்பெண்ணில் தேறினேன்.

அன்றைக்கே பூங்கொடிக்குப் போன் செய்தேன். சந்தோஷப்பட்டாள், பொய் சொல்லக் கூடாது. ‘வாடி வாடி, நாங்க ஞாயித்துக்கிழமைன்னா ஏரிக்குப் போவோம், நாங்க ராத்திரி வெறும் ரொட்டிதான் திங்கறோம், அந்தக் குடும்பத்தோட இருந்தது முடிஞ்சு இப்ப நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து ஒரு வீடு எடுத்திருக்கோம்’ என்று அடுக்கினாள். ஜெர்மனில் சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே வீர்தான், எனக்கு ஒன்றும் உறைத்திருக்காது. தமிழில் சொல்லிவிட்டாள். நாங்க. அதில் நான் இல்லை.

தப்பு அவள்மேல் இல்லை. முதலில் ‘நான்’ என்று சொன்னவள் நான்தானே. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று போனை வைத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளியை ஜெர்மன்காரர்கள் ஆங்ஸ்ட்ஹாஸெ என்பார்கள், பயமுயல். அழகான சொல். எனக்கென்றே தைத்ததுபோல் இருக்கும்.

வீர் பழகியதில் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் பண்ணையில் ‘அப்பா, வீட்டுக்குப் போலாமா?’ என்றேன். ‘ஊட்டுக்கு’ என்று வாயில் வரவில்லை. அப்பா தீவன மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ‘என்ன சாமி, டிவில நியூஸ் வாசிக்கறவங்களாட்டப் பேசற?’ என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது அவரும் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசினார். அவர் கண்ணை மூடும்வரை அப்படித்தான்.

இப்போது பண்ணையும் கைமாறிவிட்டது. கல்லூரியில் ஜெர்மன் பிரிவை எப்போதோ மூடிவிட்டார்கள். பூங்கொடியிடமிருந்து பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் வரும். நானும் ஒன்று அனுப்புவேன்.

சுகன்யாவுக்கு வெள்ளிக்கிழமை நேர்காணல். மேல்பல், கீழ் உதடு என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை ஊர், ஒரு முறை வீர், மறுபடி ஊர். ‘வரமாட்டேங்குதுங்க மிஸ். பேசாம நான்னே சொல்லிப்புடட்டுங்களா?’ என்றாள்.

‘வேண்டாங்க சாமி’ என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ‘கூட யாரு போறாங்க?’

‘என்ற கூடப் படிச்ச புள்ள ஒருத்திங்க. ரெண்டு பேருமாத்தான் போறோம்.’

‘அப்ப ஊர்னே சொல்லுங்க. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். நான்னு மட்டும் மாத்தீராதீங்க.’

அவளுக்கு என்ன புரிந்ததோ, ‘சரிங்க மிஸ்’ என்றாள். வகுப்பு முடிந்து எல்லா முகங்களும் திரையிலிருந்து போயின. பட்டறையிலும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். பழைய தப்பு இன்னும் எனக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, யோசிக்காமல், வேகமாக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

‘வீர் லெர்னன் டாய்ச்.’

பல் தானாகப் போய் உதட்டைத் தொட்டது. ஒரு பிசகு இல்லை. சிரிக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை.