பனி மலையில் சொன்ன ‘ஏலாது’

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டறை வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. கணவர் வேலையிடத்து வெள்ளைக்கார நண்பர்கள் மூவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போய்ப் பழகியவர். அந்தப் பெப்ரவரியில் ஸ்கொட்லாந்து மலைக்குப் போகப்போகிறோம் என்றார். பனிக்காலத்தில் மலையில் என்ன வேலை என்று கேட்டேன். எல்லாம் பழகித்தான் போகிறோம், புதைந்தவரைத் தேடுகிற நீளக் கம்பி, பனி அள்ளுகிற சவள் எல்லாம் இருக்கிறது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கோ அதைக் கேட்ட பிறகுதான் பயமே வந்தது.

சனிக்கிழமை இருட்டுமுன் இறங்கி, தங்குமிடத்திலிருந்து போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். இருட்டியது. போன் வரவில்லை. ரேடியோவில் அவர் போன மலையின் பெயரைச் சொல்லி, அங்கே பனிச்சரிவு, ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த வரியிலேயே கால்பந்துக்குப் போய்விட்டார்கள்.

தங்குமிடத்துக்கு அடித்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை, மீட்புக் குழு மேலே போயிருக்கிறது என்றார் அங்கிருந்த பெண். நான் பேசிக்கொண்டிருந்தால் கணவருக்கு லைன் கிடைக்காதே என்று உடனே வைத்தேன். பிறகு போன் வேலை செய்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். வைத்தேன். திரும்பவும் தூக்கினேன். பிள்ளைக்குக் கரைத்த பால் ஆறிப்போனது. சூடாக்கினேன், அதுவும் ஆறியது. ஜன்னலுக்கும் போனுக்குமாக நடந்தேன். யாழ்ப்பாணத்தில் வெளியே போனவர்களுக்காக இப்படி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். குண்டுக்குப் பயந்து வந்த நாட்டில் பனிக்காகவும் நடக்க வைத்துவிட்டாரே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கீழே கடை நடத்திய அக்கா மேலே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “நீர் போனுக்குப் பக்கத்தில இரும்” என்றார், அவ்வளவுதான்.

போன் அடித்தபோது எடுக்கக் கை வரவில்லை. அக்கா தள்ளாத குறைதான். கணவர்தான் பேசினார், குரல் கம்மியிருந்தது.

“நான் சுகமா இருக்கிறன். பயப்படாதையும்.”

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். முந்தின நாள் முழுக்கப் புதுப் பனியும் பலத்த காற்றும். காற்று அந்தப் பனியையெல்லாம் அள்ளி மலையின் மறுபக்கச் சரிவில் குவித்து வைத்திருந்தது. அதில் கால் வைத்ததும் அடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். காலடியிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியது. சரிவு உடையப்போவதன் அடையாளம் அது. உச்சியோ கண்ணெதிரே. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடந்துவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். ஆனால் புறப்படும்போதே அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது: ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

“நான்தான் ஏலாது எண்டு சொன்னனான். வெக்கமாத்தான் இருந்தது. அவையின்ர முகத்தைப் பார்க்கேலாமல் போச்சு.”

திரும்பி இறங்கும்போது இரண்டு பேர் அவர்களைக் கடந்து மேலே போயிருக்கிறார்கள். சத்தத்தையும் வெடிப்பையும் பற்றிச் சொல்லியும் அவர்கள் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சரிவே உடைந்து கீழே வந்தது. ஒருவர் விளிம்பில் தப்பினார். மற்றவரைக் காணவில்லை. மேலே விழக் காத்திருக்கும் பனி மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இவர்கள் நால்வரும் ஓடிப்போய்க் கம்பியால் குத்திக் குத்தித் தேடித் தோண்டினார்கள். முகம் நீலம் பாரித்து, ஆனால் மூச்சோடு அவரை வெளியே எடுத்தார்கள். மீட்புக் குழு வரும்வரை அவரை அணைத்துச் சூடேற்றியபடி கிடந்ததில்தான் இவ்வளவு பிந்தியது.

“அந்தப் பெடியனுக்கு உம்மட தம்பியின்ர வயசுதான் இருக்கும்” என்றவர், அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுவதைக் கேட்டேன். அவ்வளவு நேரம் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்த நான், “கவனமா வந்து சேருங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

பனிக்காலத்தில் அவர் மலைக்குப் புறப்பட்டால் இன்றும் எனக்கு இருப்புக்கொள்ளாது. நாலு பேருக்கு நடுவில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுக்கத் தெரிந்தவர் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவரை வழியனுப்புகிறேன்.